காற்றை எடை போடும் கார்
கோல சிலாங்கூரிலிருந்து கெந்திங் மலை வரை ஒரு கணக்குப் பாடம்

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பள்ளி விடுமுறை என்றாலே கெந்திங் மலைப் பயணம் நினைவுக்கு வரும். எங்கள் மாமாவிடம் ஒரு பழைய புரோட்டோன் சாகா இருந்தது. விடியற்காலையில் புறப்பட்டு, பெஸ்தாரி ஜெயா, ரவாங், பத்தாங் காலி என்று போய் மலை ஏறுவோம். சமவெளியில் சமர்த்தாக ஓடிய கார், உயரம் கூடக் கூடச் சோர்ந்துவிடும். உச்சியை நெருங்கும்போது பின்னால் கரும்புகை. நிறுத்தி வைத்தாலும் பெட்ரோல் வாடை.

ஒருமுறை மேலே கார் நிறுத்துமிடத்தில் யாரோ ஒருவர் உதவ வந்தார். கார்புரேட்டரில் ஒரு திருகை அரைச் சுற்று திருப்பினார். புகை குறைந்தது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் காலை தோட்டத்தில் காரைக் கிளப்பினால், நின்ற இடத்தில் உதறி உதறி அணைந்துபோனது. பட்டறைக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மலைக் காத்துக்கு வெச்ச திருகு, கடல் காத்துக்கு ஒத்துவராது மாமா" என்றபடி திருகைப் பழைய இடத்துக்கே திருப்பினார்.

இன்று அதே சாலையில் இன்ஜெக்ஷன் கார்கள் ஏறுகின்றன. யாரும் திருகைத் தொடுவதில்லை. காருக்குள் இருக்கும் கணினி, ஒவ்வொரு வினாடியும் அந்தத் திருகை மாற்றும் வேலையைக் கணக்குப் போட்டே செய்துவிடுகிறது. அது என்ன கணக்கு? பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். படிவம் நான்கு படிக்கும் மாணவரும் பட்டறையில் வேலை பழகும் தம்பியும் போடக்கூடிய கணக்குதான்.

லிட்டர் வேறு, கிராம் வேறு

தமிழ்ப்பள்ளிக் கணிதத்தில் நீளம், பொருண்மை, கொள்ளளவு என்று தனித்தனிப் பாடமாகப் படித்தோம். காற்று விஷயத்தில் இந்தக் கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் எல்லாச் சிக்கலுக்கும் தொடக்கம்.

பெட்ரோல் எரிவது ஒரு வேதிவினை. இத்தனை பெட்ரோல் மூலக்கூறுக்கு இத்தனை ஆக்சிஜன் மூலக்கூறு என்பதே அதன் விதி. மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் காட்டுவது பொருண்மை. 1 கிராம் பெட்ரோல் மிச்சம் மீதியின்றி எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். மலையிலும் 14.7 கிராம்தான், கடற்கரையிலும் 14.7 கிராம்தான்.

ஆனால் இயந்திரம் காற்றைக் கிராமில் இழுப்பதில்லை. சிலிண்டர் என்பது ஒரு பாத்திரம். பிஸ்டன் கீழிறங்கும்போது பாத்திரம் நிறைகிறது. அதாவது, அது இழுப்பது கொள்ளளவு. அந்தப் பாத்திரத்தில் உள்ள காற்று நெருக்கமாக இருக்கிறதா, தளர்ந்து இருக்கிறதா என்பது பிஸ்டனுக்குத் தெரியாது. லிட்டரில் இழுக்கும் இயந்திரத்துக்குக் கிராம் கணக்கில் பெட்ரோல் தரவேண்டும். இடையில் ஒரு மாற்றுக் கணக்கு தேவைப்படுகிறது.

அடர்த்தியைக் கண்டுபிடிப்போம்

கொள்ளளவைப் பொருண்மையாக மாற்றும் சாவி, அடர்த்தி. காற்றின் அடர்த்தியை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அழுத்தம் கூடினால் அடர்த்தி கூடும், வெப்பம் கூடினால் அடர்த்தி குறையும்.

அடர்த்தி = அழுத்தம் ÷ (287 × வெப்பநிலை)

இங்கே அழுத்தம் பாஸ்கல் அளவில். வெப்பநிலை கெல்வின் அளவில். 287 என்பது காற்றுக்குரிய மாறிலி. விடை, கன மீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்று வரும். அதையே லிட்டருக்கு இத்தனை கிராம் என்றும் படிக்கலாம், எண் மாறாது. செல்சியஸோடு 273 கூட்டினால் கெல்வின்.

கோல சிலாங்கூர், கடல் மட்டம். நண்பகல் 32 பாகை செல்சியஸ், அதாவது 305 கெல்வின். காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல்.
101,000 ÷ (287 × 305) = 1.154

கெந்திங் மலை, சுமார் 1,700 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 83 கிலோபாஸ்கல். வெப்பநிலை 20 பாகை, அதாவது 293 கெல்வின்.
83,000 ÷ (287 × 293) = 0.987

கீழே ஒரு லிட்டர் காற்றில் 1.154 கிராம், மேலே 0.987 கிராம். ஏறத்தாழ 14.5 விழுக்காடு குறைவு. அழுத்தத்தை மட்டும் பார்த்தால் 18 விழுக்காடு குறைந்திருக்கிறது. மலையின் குளிர்ச்சி அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தந்துவிட்டது. அழுத்தம், வெப்பம் இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 1 கிராம் பெட்ரோலை எரிக்கக் கோல சிலாங்கூரில் 12.7 லிட்டர் காற்று போதும். கெந்திங்கில் 14.9 லிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதற்கும் கணக்கிட்டால், கடற்கரையில் மட்டும் ஏறத்தாழ 9,400 லிட்டர் காற்று. நாம் காசு கொடுத்து வாங்குவது பெட்ரோல். ஆனால் கார் அதிகமாக உட்கொள்வது இலவசமான காற்றைத்தான்.

மாமாவின் கார் ஏன் புகைத்தது?

1985-ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில் இருந்தது கார்புரேட்டர். காற்று ஒரு குறுகிய தொண்டை வழியாக வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைவுதான் சிறு துளை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது.

எளிமையான கருவி; ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. தொண்டையில் உண்டாகும் அழுத்தக் குறைவு, அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. துளையில் வரும் பெட்ரோல், அந்த அழுத்தக் குறைவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரண்டையும் சேர்த்தால், அதே வேகத்தில் காற்று ஓடும்போது பெட்ரோலின் அளவு அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்தொடர்கிறது.

கெந்திங்கில் அடர்த்தி, கீழே இருப்பதில் 0.855 பங்கு. அதன் வர்க்கமூலம் 0.925. அதாவது, உள்ளே போகும் காற்றின் பொருண்மை 14.5 விழுக்காடு குறைகிறது; பெட்ரோலோ 7.5 விழுக்காடுதான் குறைகிறது. 0.925 ÷ 0.855 = 1.08. தேவைக்கு மேல் 8 விழுக்காடு பெட்ரோல். மாமாவின் காரில் வந்த கரும்புகை இந்த 8 விழுக்காடுதான். காரில் பழுது இல்லை. ஓட்டியவர் மீதும் தவறு இல்லை. கருவி பாதிக் கணக்கை மட்டும் போட்டது.

காற்றை அளக்கும் நான்கு வழிகள்

மின்னணு இன்ஜெக்ஷன் வந்தபோது, பொறியாளர்கள் முன் நின்ற முதல் கேள்வியே "காற்றை எப்படி அளப்பது?" என்பதுதான். நான்கு வழிகள் நிலைத்தன. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஒன்றை அளக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி, அழுத்த உணரி. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967-இல் கொண்டுவந்த டி-ஜெட்ரானிக் முறை இவ்வகை. பட்டறைகளில் இதை 'மேப் சென்சர்' என்பார்கள். இது காற்றோட்டத்தை அளப்பதே இல்லை. காற்று மடலுக்குப் பின்னால், சிலிண்டருக்குள் நுழையக் காத்திருக்கும் காற்றின் அழுத்தத்தை மட்டும் சொல்கிறது. வெப்பநிலையைத் தனி உணரி சொல்கிறது. இயந்திரத்தின் கொள்ளளவும் சுற்று வேகமும் கணினிக்குத் தெரியும். மற்றதெல்லாம் கணக்கு.

இரண்டாம் வழி, மடல் உணரி. 1973-இல் வந்த போஷ் எல்-ஜெட்ரானிக் முறையில் பயன்பட்டது. காற்று ஒரு கதவைத் தள்ளித் திறக்கும். சுருள்வில் அதை மூடப் பார்க்கும். கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே அளவு. கதவைத் தள்ளும் விசை அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. எனவே, கார்புரேட்டருக்கு வந்த அதே வர்க்கமூலச் சிக்கல் இங்கும் வரும். திருத்தம் எதுவும் இல்லாவிட்டால் கெந்திங்கில் அதே 8 விழுக்காடு பிழை.

மூன்றாம் வழி, சுழல் எண்ணும் உணரி. ஓடும் ஆற்றில் ஒரு கம்பை நட்டால், அதன் பின்னால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்கள் கழன்று போவதைப் பார்க்கலாம். சிலாங்கூர் ஆற்றில் படகுத்துறைத் தூணுக்குப் பின்னால் நீர் சுழித்துப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றிலும் அப்படியே. செக் நாட்டு அறிஞர் ஸ்ட்ரூஹால், கம்பிகளில் காற்று எழுப்பும் ஓசையை ஆராய்ந்து 1878-இல் எழுதினார். சுழல் வரிசையின் கணக்கை 1911 முதல் விளக்கியவர் தியோடர் வான் கார்மான். ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் இந்தச் சுழல்களை எண்ணியே காற்றை அளந்தது. அந்நிறுவனத்தின் பல இயந்திரங்களிலும், நம் சாலைகளில் ஓடிய 1.8 லிட்டர் இரட்டைக் கேம் புரோட்டோன் கார்கள் சிலவற்றிலும் இந்த உணரி இருந்தது.

நான்காம் வழி, சூடான கம்பி. 1980-களின் தொடக்கத்தில் கார்களுக்கு வந்தது. மெல்லிய பிளாட்டினக் கம்பியை, சுற்றியுள்ள காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு சூடாகவே மின்சாரம் வைத்திருக்கும். காற்று அதைக் குளிர்விக்கும். சூட்டை நிலைநிறுத்த எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்பதே அளவு. வெப்பத்தை எடுத்துச் செல்பவை மூலக்கூறுகள். எனவே, வேகமும் அடர்த்தியும் சேர்ந்தே பதிவாகின்றன. நான்கில் இது ஒன்றுதான் பொருண்மையை நேரடியாகச் சொல்கிறது.

ஒவ்வொரு சுழலும் ஒரு கிண்ணம்

மூன்றாம் வழியில்தான் நம் கணக்கு கண்ணாடிபோல் தெளிவாகத் தெரியும். அதையே எடுத்துக்கொள்வோம்.

1.3 லிட்டர், நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு இயந்திரம். நிமிடத்துக்கு 3,000 சுற்று. மலை ஏறுவதற்காகக் காற்று மடல் முழுவதும் திறந்திருக்கிறது.

நான்கு வீச்சு இயந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை முழுதாக இழுக்கும். ஆகவே 1.3 × 1,500 = நிமிடத்துக்கு 1,950 லிட்டர்; வினாடிக்கு 32.5 லிட்டர். பொதுவாகச் சிலிண்டர் விளிம்புவரை நிறைவதில்லை. 80 விழுக்காடு நிறைகிறது என்று கொள்வோம். வினாடிக்கு 26 லிட்டர்.

இந்தக் காற்று 20 சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டு உள்ள உணரிப் பாதை வழியாகப் போகிறது. வேகம், வினாடிக்கு 13 மீட்டர். பாதையின் நடுவில் 1 சென்டிமீட்டர் அகலத் தூண். ஸ்ட்ரூஹால் எண் ஏறத்தாழ 0.2. சுழல்களின் எண்ணிக்கை:

0.2 × 13 ÷ 0.01 = வினாடிக்கு 260

26 லிட்டருக்கு 260 சுழல். ஒரு சுழலுக்கு 0.1 லிட்டர். அதாவது, ஒவ்வொரு சுழலும் 100 மில்லிலிட்டர் பிடிக்கும் ஒரு கிண்ணம். உணரி செய்வதெல்லாம் கிண்ணங்களை எண்ணுவதுதான்.

இப்போது கவனியுங்கள். கெந்திங்கில் அதே 3,000 சுற்றில் அதே 26 லிட்டர்தான் போகும். சுழல்களும் அதே 260. உணரி தரும் எண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. கிண்ணத்துக்குள் இருப்பதுதான் மாறிவிட்டது.

கோல சிலாங்கூர்: 260 × 0.1 × 1.154 = வினாடிக்கு 30.0 கிராம்
கெந்திங்: 260 × 0.1 × 0.987 = வினாடிக்கு 25.7 கிராம்

இதனால்தான் மிட்சுபிஷியின் உணரிப் பெட்டிக்குள் சுழல் எண்ணியோடு காற்றழுத்த உணரியும் வெப்பநிலை உணரியும் ஒன்றாகக் குடியிருந்தன. கிண்ணத்தை எண்ண ஒன்று. கிண்ணத்தில் எவ்வளவு என்று சொல்ல இரண்டு.

அழுத்த உணரி வழியில் போட்டாலும் இதே விடை வரும். மடல் முழுவதும் திறந்திருந்தால் உள்ளே 101 கிலோபாஸ்கல், 32.5 × 0.8 × 1.154 = 30.0. காற்று மடலைப் பாதி மூடி உள்ளழுத்தம் 40-க்கு இறங்கினால், 30.0 × 40 ÷ 101 = 11.9 கிராம். இந்த வழியின் பலம், மலையின் அழுத்தக் குறைவு தானாகவே கணக்கில் சேர்ந்துவிடுவது. பலவீனம், அந்த 80 விழுக்காடு. அதை உணரி அளப்பதில்லை. தயாரிப்பாளர் சோதித்து எழுதி வைத்த அட்டவணையிலிருந்து கணினி எடுக்கிறது. கேம் தண்டையோ புகைக்குழாயையோ மாற்றினால் அட்டவணை பொய்த்துவிடும்.

கிராமிலிருந்து மில்லிவினாடிக்கு

காற்றின் பொருண்மை கிடைத்தாயிற்று. இனி வகுத்தல்தான். முழுத் திறப்பில் கார்கள் சற்றுக் கூடுதலாகவே பெட்ரோல் தரும். கணக்கு எளிதாக இருக்க 14.7 என்றே கொள்வோம்.

கடல் மட்டத்தில் 30.0 ÷ 14.7 = வினாடிக்கு 2.04 கிராம் பெட்ரோல். கெந்திங்கில் 25.7 ÷ 14.7 = 1.75 கிராம்.

3,000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் வினாடிக்கு 25 முறை தெளிக்கவேண்டும். நான்குக்கும் சேர்த்து 100 முறை. ஒரு தெளிப்புக்குக் கீழே 20.4 மில்லிகிராம், மேலே 17.5 மில்லிகிராம். இன்ஜெக்டர் திறந்திருக்கும்போது மில்லிவினாடிக்கு 2.5 மில்லிகிராம் பாய்ச்சும் என்று வைத்துக்கொண்டால், கீழே 8.2 மில்லிவினாடி, மேலே 7.0 மில்லிவினாடி. ஊசி திறக்க எடுக்கும் ஏறத்தாழ ஒரு மில்லிவினாடியைக் கணினி இதனுடன் சேர்த்துக்கொள்ளும்.

மாமா காரின் திருகுக்குப் பதில், 1.2 மில்லிவினாடி. கோல சிலாங்கூருக்கும் கெந்திங்குக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இன்ஜெக்டர் மூடும் இந்தச் சிறு நேரத்தில் அடங்கிவிடுகிறது.

கணினி மாற்றுக் கணக்கே போடாமல் மேலேயும் 2.04 கிராம் தெளித்தால்? 25.7 ÷ 2.04 = 12.6. தேவையைவிட 17 விழுக்காடு கூடுதல் பெட்ரோல். எரியாத பெட்ரோல் பிளக்கைக் கருக்கும். புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றியை அளவுக்கு மீறிச் சூடாக்கிக் கெடுக்கும்.

ஆக்சிஜன் உணரி காப்பாற்றாதா?

பட்டறை அனுபவம் உள்ளவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். "புகைக்குழாயில்தான் ஆக்சிஜன் சென்சர் இருக்கிறதே. பிழையை அது திருத்திவிடாதா?"

நியாயமான கேள்வி. சாதாரண ஓட்டத்தில் அது திருத்தும். புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். கணினி கருவியில் 'ஃபியூல் டிரிம்' என்று விழுக்காட்டில் தெரிவது இதுவே.

ஆனால் பல கார்களில், முழுத் திறப்பில் மலை ஏறும்போது கணினி இந்த உணரியின் பேச்சைக் கேட்பதில்லை. அந்த நேரத்தில் வேண்டிய கூடுதல் பெட்ரோலை இந்த உணரியால் துல்லியமாக அளக்கமுடியாது. எனவே, அப்போது நம்பியிருப்பது காற்றின் பொருண்மைக் கணக்கை மட்டுமே. இயந்திரம் மிகக் கடினமாக உழைக்கும் நேரம், காவலர் இல்லாத நேரம். பெட்ரோல் குறைந்த கலவை அப்போது வந்தால் இயந்திரம் தட்டும். தொடர்ந்தால் பிஸ்டன் சேதமடையும். கணக்கு சரியாக இருக்கவேண்டியதன் அவசியம் இதுதான்.

கணக்கு எங்கே தவறுகிறது?

வெப்பநிலை உணரி பொய் சொல்லும்போது. ரவாங் நெரிசலில் நிற்கும் காரின் முன்மூடிக்குள் காற்று 55 பாகைக்கு ஏறலாம். உணரி பழுதாகி 20 பாகை என்றே சொல்லிக்கொண்டிருந்தால், 328 ÷ 293 = 1.12. கணினி இல்லாத காற்றை இருப்பதாக எண்ணி 12 விழுக்காடு அதிகம் தெளிக்கும். கணக்கைச் செல்சியஸில் போட்டு 55 ÷ 20 என்று வகுக்காதீர்கள். தேர்வில் மாணவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான்.

குழாய் வெடிக்கும்போது. காற்றளவு உணரிக்கும் இயந்திரத்துக்கும் இடையில் உள்ள ரப்பர் குழாயில் கீறல் இருந்தால், அதன் வழியே எண்ணப்படாத காற்று நுழையும். சூடான கம்பி, சுழல் எண்ணி இரண்டிலும் பெட்ரோல் குறைந்துபோகும். அழுத்த உணரி உள்ள காரில் அதே இடத்துக் கீறல் கலவையை அவ்வளவாகக் கெடுக்காது. உள்ளே வந்த காற்று எவ்வழியில் வந்தாலும் அழுத்தத்தில் தெரிந்துவிடும். எந்தக் காரில் எந்த உணரி என்று முதலில் பார்க்கவேண்டும் என்பது இதனால்தான்.

கம்பியில் அழுக்குப் படியும்போது. செம்பனைத் தோட்ட மண்சாலையில் ஓடும் வண்டிகளுக்குத் தூசு புதிதல்ல. வடிகட்டியில் அளவுக்கு மீறி எண்ணெய் தடவியிருந்தால், அந்த எண்ணெயும் தூசும் சேர்ந்து கம்பிக்குப் போர்வை போர்த்திவிடும். குளிர்ச்சி உறைக்காது, கணினி காற்று குறைவு என்று நினைக்கும். அதற்குரிய திரவத்தைத் தெளித்துக் கழுவினால் பல நேரம் சரியாகிவிடும். துணியால் துடைத்தால் கம்பி அறுந்துவிடும்.

குழாயை மாற்றும்போது. சத்தமும் வேகமும் வேண்டும் என்று 60 மில்லிமீட்டர் உணரிக் குழாயை எடுத்துவிட்டு, அதே உணரியை 70 மில்லிமீட்டர் குழாயில் பொருத்தும் தம்பிகள் உண்டு. குறுக்குவெட்டு 1.36 மடங்காகிறது. அதே காற்று மெதுவாகப் போகிறது. கணினியோ பழைய அட்டவணையைப் பார்த்து, 26 விழுக்காடு குறைவாகக் காற்றைக் கணக்கிடுகிறது. நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் போகும்போது, பெட்ரோல் பற்றாக்குறையோடு இயந்திரம் எரிகிறது. சூடான கம்பி பொருண்மையை அளக்கும் என்று மேலே சொன்னோம். அது உண்மைதான், ஆனால் அது எந்தக் குழாயில் பிறந்ததோ அந்தக் குழாய்க்கு மட்டுமே அந்த அட்டவணை.

நம் ஊர்க் காற்றின் ஈரம்

கடலோரமான நமக்கு இன்னொன்றும் உண்டு. மதிய வெயிலில், காற்றில் உள்ள நீராவியின் அழுத்தம் மட்டும் ஏறத்தாழ 3 கிலோபாஸ்கல் இருக்கும். 101-இல் 3 நீராவி. அது எரிதலுக்கு உதவாது. அழுத்த உணரியோ சுழல் எண்ணியோ அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. சூடான கம்பிக்கும் நீராவியைத் தனியாக ஒதுக்கத் தெரியாது. ஆகவே, ஆக்சிஜன் கணக்கில் சுமார் 3 விழுக்காடு வித்தியாசம் எப்போதும் இருக்கும். அது சிறிய பிழை. கலவை பெட்ரோல் மிகுந்த பக்கமே சாய்வதால் இயந்திரத்துக்கு ஆபத்தில்லை. சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் உணரி அதைச் சரிசெய்துவிடும்.

பட்டறையில் செய்து பாருங்கள்

உணரியை மாற்றச் சொல்லும் முன், காசு செலவில்லாத சில சோதனைகள் உண்டு. கணினி கருவி ஒன்று இருந்தால் போதும்.

காலையில், இயந்திரம் முழுவதும் ஆறியிருக்கும்போது சாவியை மட்டும் திருப்புங்கள், கிளப்பவேண்டாம். அழுத்த உணரி அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்டவேண்டும். கோல சிலாங்கூர், ஜெரம், பெஸ்தாரி ஜெயா போன்ற தாழ்நிலப் பகுதிகளில் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். 90 என்று காட்டினால், அது நிற்கும் இடம் ஆயிரம் மீட்டர் உயரம் என்று சொல்கிறது என்று பொருள், நம்பவேண்டாம்.

அதே நேரத்தில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் இயந்திர நீரின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். இரவு முழுவதும் ஒரே கொட்டகையில் நின்ற கார்தானே.

பிறகு கிளப்பி, சூடான பின் நின்ற நிலையில் காற்றின் பொருண்மையைப் பாருங்கள். 1.3 லிட்டர் இயந்திரத்தில் வினாடிக்கு 2 முதல் 3 கிராம் எதிர்பார்க்கலாம். அதோடு ஒப்பிட்டால் உணரி பேசுவது உண்மையா என்று தெரிந்துவிடும். சில நூறு ரிங்கிட் உணரியை வாங்கும் முன், பத்து நிமிடக் கணக்கு.

பயிற்சி

கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் அதே 1.3 லிட்டர் கார். மேலே அழுத்தம் 88 கிலோபாஸ்கல், வெப்பநிலை 22 பாகை என்று கொள்க. சுழல் உணரி வினாடிக்கு 260 காட்டுகிறது. காற்றின் பொருண்மை எவ்வளவு? பெட்ரோல் எவ்வளவு?

விடை: அடர்த்தி 88,000 ÷ (287 × 295) = 1.039. காற்று 260 × 0.1 × 1.039 = வினாடிக்கு 27.0 கிராம். பெட்ரோல் 27.0 ÷ 14.7 = 1.84 கிராம். கெந்திங்குக்கும் கோல சிலாங்கூருக்கும் இடையில் விடை வருகிறது; மலையின் உயரமும் இடையில்தான்.

அன்று மாமாவின் திருகைத் திருப்பியவரும் நல்லெண்ணத்தோடுதான் திருப்பினார். மறுநாள் கார் கடற்கரைக் காற்றுக்குத் திரும்பும் என்பதை மட்டும் அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அடுத்தமுறை ஓர் உணரி எண்ணைக் காட்டும்போது, "இது லிட்டரா, கிராமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். லிட்டர் என்றால் அழுத்தத்தையும் வெப்பத்தையும் கேட்காமல் முடிவுக்கு வராதீர்கள்.